மலைச்சரிவில் செம்பர்வைவமும் எச்செவேரியாவும்: நீலகிரித் தோட்டத்துக்கான முழு வழிகாட்டி

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், வாசலோரத்து எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் மேல் விழுந்துகிடந்த சில்வர் ஓக் இலையை எடுக்கக் குனிந்தேன். இலையோடு செடியும் கையில் வந்துவிட்டது. மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சாம்பல் பூத்த நீலத்தில், விரிந்த தாமரைபோல, இலைகள் அடுக்கு குலையாமல் இருந்தன. கீழே தண்டு இருந்த இடத்தில் கறுத்த கூழ். விரலில் அழுகிய உருளைக்கிழங்கின் வாடை. அந்த வரிசையில் இருந்த பதினொரு செடிகளில் ஒன்பது அப்படித்தான் போயிருந்தன. முந்தைய மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துகிடந்த இரவுகளை ஒரு கீறல்கூட இல்லாமல் தாண்டியவை அவை.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான். நம் மலையில் இந்தச் செடிகளைக் குளிர் கொல்வதில்லை, தேங்கும் ஈரம்தான் கொல்கிறது. ஆண்டில் ஐந்து மாதம் நல்ல வெயிலும் வறட்சியும் நமக்குத் தானாகக் கிடைக்கின்றன. மீதி மாதங்களுக்கான வறட்சியை நாம்தான் கல்லாலும் சரிவாலும் கட்டித்தர வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதலில், எது எந்தச் செடி

நர்சரியில் "ரோஜா மாதிரி சக்குலென்ட்", அதாவது சதைப்பற்றுச் செடி, என்று கேட்டால் நான்கைந்து வேறுவேறு இனங்களைக் கையில் கொடுப்பார்கள். அவற்றின் குணம் ஒன்றல்ல. வாங்கும்போதே பிரித்தறியத் தெரிந்தால் பாதிச் சாவு குறையும்.

செம்பர்வைவம் ஐரோப்பிய மலைகளின் செடி. ஆல்ப்ஸ், பால்கன், காக்கசஸ் மலைப் பாறை இடுக்குகளில் பனிக்கு அடியில் கிடந்து பழகியது. 'என்றும் உயிருள்ளது' என்பதுதான் அந்த லத்தீன் பெயரின் பொருள். இவற்றில் டெக்டோரம் என்ற இனத்தை ஐரோப்பியர்கள் வீட்டுக் கூரைமேல் வளர்த்தார்கள். இடி விழாது என்பது நம்பிக்கை. சார்லமேன் மன்னர் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800-இல், அரசத் தோட்டங்களுக்கான ஆணையிலேயே இந்தச் செடி வீட்டின் மேல் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கூரை ஓட்டின் மேல் ஒரு பிடி மண்ணில் பிழைக்கிற செடி என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன மண் வேண்டும் என்பதற்கு அதுவே விடை.

எச்செவேரியா மெக்சிகோ மலைகளிலிருந்து வந்தது. அந்நாட்டுத் தாவர ஓவியர் அத்தனாசியோ எச்செவேரியாவின் நினைவாக 1828-இல் பெயரிடப்பட்டது. லேசான உறைபனியைத் தாங்கும், ஆனால் வேர் காய்ந்திருந்தால்தான்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் போதும். இலை ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: நுண்ணிய மயிர் வரிசை தெரிந்தால் பெரும்பாலும் செம்பர்வைவம். வழவழப்பாக, விரலில் ஒட்டும் வெண்பொடியோடு இருந்தால் எச்செவேரியா. குட்டி எப்படி வருகிறது என்று பாருங்கள்: நூல்போன்ற தண்டின் நுனியில் தாயை விட்டுத் தள்ளிவந்தால் செம்பர்வைவம், தாயின் இடுப்பை ஒட்டியே நெருக்கினால் எச்செவேரியா. பூக்காம்பு நட்டநடுவிலிருந்து எழுந்தால் முன்னது, இலைக்கக்கத்திலிருந்து பக்கவாட்டில் வளைந்துவந்தால் பின்னது.

இதே ரோஜா வடிவில் வரும் கிராப்டோபெட்டாலம் தொடக்கநிலையினருக்கு நல்லது. எங்கு விழுந்தாலும் வேர்விடும். ஏயோனியம் கேனரி தீவுகளின் செடி. குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் உறங்கும், கடும் உறைபனியில் கருகும். ஊட்டியில் தரையில் நடவேண்டாம், தொட்டியில் வைத்துத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். ஆனைக்கற்றாழை என்று நாம் சொல்லும் அகேவும் இதே இலையடுக்குதான். ஆனால் ஆளுயரம் வளரும், நுனிமுள் கண்ணைக் குத்தும். குழந்தைகள் ஓடும் பாதையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஹவொர்தியாவுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை, அது நிழல் செடி.

உங்கள் சரிவைப் படியுங்கள்

நீலகிரி என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் மழை எல்லோருக்கும் ஒன்றாகப் பெய்வதில்லை. ஆனி, ஆடியில் கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித்தீர்க்கும்போது, 2637 மீட்டர் தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் கோத்தகிரியில் தூறலும் காற்றுமாகப் போகும். எங்கள் கனமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்கு மழை. குன்னூருக்கும் அப்படித்தான். கொடைக்கானல்காரர்களுக்கும் அந்த மாதங்களில்தான் மழை அதிகம். ஆகவே உங்கள் செடிக்கு ஆபத்தான மாதம் எது என்பதை, மேற்கா கிழக்கா என்று பார்த்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். மலையில் பிற்பகல் வெயிலை நம்ப முடியாது. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி இரண்டு மணிக்கே மூடிவிடும். ஆகவே காலை வெயில்தான் கணக்கு. தென்கிழக்கு பார்த்த சரிவு கிடைத்தால் அதை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது அந்தச் சரிவுக்குத்தான் முதல் வெயில் கிடைக்கும். இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு நாள், காலை ஏழு முதல் மணிக்கொரு முறை போய்ப் பார்த்து, நிழல் விழும் எல்லையில் ஒரு குச்சி நடுங்கள். குறைந்தது ஐந்து மணி நேர நேர்வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் இலைகள் பச்சையாக நீண்டு, அடுக்கு விரிந்து, முட்டைக்கோஸ் நாற்றுபோல ஆகிவிடும்.

மூன்றாவது, உறைபனி உட்காரும் இடம். குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம், தண்ணீர்போலவே பள்ளம் தேடி ஓடும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும் அதே விடியலில் நடுச்சரிவுத் தோட்டம் தப்பித்திருக்கும். சரிவின் அடியில் சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் குளிர்காற்று அங்கேயே தேங்கும். அதை ஒட்டி எச்செவேரியா வைக்காதீர்கள்.

இறவாரத்தின் கீழ் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீர் தரையில் ஒரு கோடு போட்டிருக்கும், பாருங்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே செடி இருக்க வேண்டும். கோட்டின் மேலேயே வைத்தால் சொட்டுச்சொட்டாக இலையடுக்கின் நடுக்குருத்தில் விழுந்து, கொட்டும் மழையைவிடக் கேடு செய்யும்.

மண்: நம் செம்மண்ணை மட்டும் நம்பாதீர்கள்

தேயிலைக்குப் பொன்னான மண் இந்தச் செடிக்குப் பொறி. நம் மண் அமிலத்தன்மை கொண்டது, களி கலந்தது, நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் பிடித்துவைத்திருக்கும். இந்த இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பவை. நீரை மிகக் குறைவாகவே இழக்கும், ஆகவே மிகக் குறைவாகவே குடிக்கும். மண்ணிலிருக்கும் ஈரத்தை அவை உறிஞ்சி வற்றவைக்கும் என்று காத்திருக்க முடியாது. மண்தான் தானாக வடிய வேண்டும்.

நான் பயன்படுத்தும் கலவை: சலித்த தோட்டமண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத்துகள் இரண்டு பங்கு, கல்சிப்ஸ் ஒரு பங்கு. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் மங்களூர் ஓட்டை வீசிவிடாதீர்கள். சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, மிளகு அளவு முதல் கொண்டைக்கடலை அளவு வரை உள்ளதை மட்டும் சலித்தெடுங்கள். தூளைக் கட்டாயம் நீக்க வேண்டும், தூள் இருந்தால் இடைவெளிகளை அடைத்துச் சிமெண்ட்போல இறுகிவிடும். ஓட்டுத்துகள் தனக்குள் கொஞ்சம் ஈரம் வைத்துக்கொண்டு, துகள்களுக்கு இடையே காற்றையும் விடும். ஓடு கிடைக்காதவர்கள் செங்கல்லை உடைக்கலாம். எம்-சாண்ட் போடுவதானால் இரண்டு முறை அலசி, கலங்கல் நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். தென்னைநார்க் கழிவை நம் ஊருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சமவெளியில் அது வரம், இங்கே மஞ்சு மூடிய மாதங்களில் அது ஊறிய பஞ்சு.

பத்து லிட்டர் வாளிக் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் சேருங்கள். தேயிலைக்குப் போடும் அதே டோலமைட்தான், அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும். தொழுவுரம், கோழியெரு எதுவும் வேண்டாம். ஊட்டம் மிகுந்தால் இலை கொழுத்து, தோல் மெலிந்து, முதல் மழையிலேயே அழுகும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. நனைத்த கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையை விரியுங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் கல் சேர்க்க வேண்டும். பொலபொலவென உதிர்ந்தால் சரி.

தொட்டியில் வளர்ப்பவர்கள் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லி கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் நீர் இறங்காமல் நின்று, ஈரமான பகுதி வேருக்கு இன்னும் அருகில் வருகிறது. ஓட்டையை மூட ஓர் ஓட்டுச்சில்லு போதும். மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை. பீங்கானைவிடச் சுட்ட மண்தொட்டி நல்லது.

கல்சுவர் நடவு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

ஒன்பது செடிகளைப் பறிகொடுத்த ஆண்டில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்ததால் தாங்கு சுவர் கட்ட ஒரு மூத்த கொத்தனாரை அழைத்திருந்தோம். சிமெண்ட் பூசிவிடலாமா என்று கேட்டேன். "பூச வேண்டாம் அம்மா. இடுக்கு இருக்கட்டும். பின்னால் இருக்கிற தண்ணீர் அது வழியாகத்தான் மூச்சு விடும்" என்றார். கல்லை வெறுமனே அடுக்கி, பின்னால் ஒரு முழ அகலத்துக்கு உடைகல் நிரப்பி, சுவரைக் கொஞ்சம் மேட்டுப் பக்கமாகச் சாய்த்துக் கட்டிக்கொடுத்தார். மிச்சமிருந்த இரண்டு எச்செவேரியாக்களையும் பத்துப் பன்னிரண்டு செம்பர்வைவக் குட்டிகளையும் அந்த இடுக்குகளில் செருகினேன். அடுத்த ஐப்பசியில் ஒன்றுகூட அழுகவில்லை.

காரணம் எளிது. தட்டையாக நட்ட செடியின் இலையடுக்கு ஒரு கிண்ணம். மழைநீர் நடுவில் தேங்கும். சுவரில் பக்கவாட்டாக நட்டால் அதே கிண்ணம் கவிழ்ந்து, நீர் வழிந்துவிடும். வேரோ கல்லின் பின்னால் குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் இருக்கும். ஆல்ப்ஸ் பாறையில் செம்பர்வைவம் வாழ்வதும் இப்படித்தான்.

செய்முறை: விரல்நுழையும் இடுக்காகத் தேர்ந்தெடுங்கள், ஆனால் உள்ளே மண்வரை அது திறந்திருக்க வேண்டும். குருட்டு இடுக்கில் செடி கோடையில் காய்ந்துவிடும். கலவையில் கொஞ்சம் கூடுதலாகச் செம்மண் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, இடுக்கின் உள்ளே குச்சியால் தள்ளுங்கள். குட்டியின் வேரை அதில் பதித்து, கழுத்தின் கீழ் ஒரு சின்னக் கல்சில்லை ஆப்புபோல இறுக்குங்கள். செடியைப் பிடித்து லேசாக இழுத்தால் அசையக் கூடாது. முதல் மூன்று வாரம் வாரம் ஒருமுறை சிறிது நீர் தெளித்தால் போதும்.

சுவர் இல்லாதவர்கள் பாத்தி கட்டலாம். தரைமட்டத்திலிருந்து ஒரு அடி உயரம், முன்பக்கம் தாழ்ந்த சரிவு, மேலே இரண்டு செ.மீ. கனத்துக்குக் கல்சிப்ஸ் பரப்பு. அந்தச் சிப்ஸ் செடியின் கழுத்தை ஈரமண்ணில் படாமல் காக்கும், மழையில் மண் தெறிப்பதையும் தடுக்கும். செம்பர்வைவத்துக்கு ஒரு கையகல இடைவெளி, எச்செவேரியாவுக்கு ஒரு சாண்.

நடுவதற்கு நல்ல காலம் தை கடைசி முதல் பங்குனி வரை. ஊட்டியில் இருப்பவர்கள் உறைபனி விலகும் மாசி பிற்பகுதிக்குக் காத்திருங்கள். மழை வருவதற்குள் செடிக்கு மூன்று மாத வெயில் கிடைத்து, வேர் ஆழமாக இறங்கிவிடும். மழைக்காலத்தில் நர்சரியில் அழகாக இருக்கிறதே என்று வாங்கி நடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

வாங்கிய செடியை வெயிலுக்குப் பழக்குங்கள்

பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடத்தில், வளர்ந்த செடியை நேரே மலை வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் இலைமேல் வெளுத்த தழும்பு விழும். உயரத்தில் புறஊதாக் கதிர் கடுமை, காற்றின் குளிர் அதை மறைத்துவிடுகிறது. முதல் வாரம் காலை எட்டு மணி வரையிலான வெயில், இரண்டாம் வாரம் பத்து மணி வரை, மூன்றாம் வாரம் முழு வெயில். தழும்பு விழுந்த இலை ஆறாது, புது இலை வந்துதான் மறையும். வெண்பொடி பூத்த இலைகளைத் தடவிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொடிதான் அதன் குடை. ஒருமுறை துடைத்த இலையில் அது மறுபடி முழுமையாக வருவதில்லை.

பழகிய பிறகு குளிரும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலையைப் பாருங்கள். மார்கழியில் பச்சைச் செம்பர்வைவம் நுனியிலிருந்து செம்மை ஏறி, தை பிறக்கும்போது மாதுளைத் தோல் நிறத்தில் நிற்கும். சமவெளிக்காரர்களுக்கு இது கிடைக்காது. வெக்கையும் புழுக்கமுமான இரவுகளைச் செம்பர்வைவம் தாங்குவதில்லை.

நீர்

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் விரல் ஆழம் செருகி எடுங்கள். மண் ஒட்டினால் நீர் வேண்டாம். தை முதல் சித்திரை வரை பாத்திக்குப் பன்னிரண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். தொட்டிக்கு வாரம் அல்லது பத்து நாள். ஊற்றும்போது அடிவழியாக வடியும்வரை ஊற்றுங்கள், இலைமேல் படாமல். மழை மாதங்களில் குழாயைத் தொடவே வேண்டாம். தொட்டிகளை இறவாரத்துக்குள் நகர்த்துங்கள். எப்போது ஊற்றினாலும் காலையில் ஊற்றுங்கள்.

இலை சொல்லும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். இலை மெலிந்து சுருங்கி, அடுக்கு மொட்டுபோல மூடினால் தாகம். கீழ் இலை மட்டும் காகிதம்போலக் காய்ந்தால் அது மூப்பு. அதைக் கிள்ளி எடுங்கள், அடியில் ஈரம் தங்காது. கீழ் இலை கண்ணாடிபோல ஒளி ஊடுருவி, மஞ்சளாகி, தொட்டால் நழுவினால் அழுகல். அன்றே பிடுங்கி, கறுத்த பகுதி தீர்ந்து உள்ளே வெளிர்பச்சை தெரியும்வரை கத்தியால் சீவி, கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்து மறுபடி நடுங்கள். கறுப்பு நடுக்குருத்தை எட்டிவிட்டால் காப்பாற்ற முடியாது.

உறைபனி இரவுகள்

வானம் துடைத்துவைத்ததுபோல் தெளிந்து, காற்று அசையாமல் நின்றால் அன்றிரவு பனி உறுதி. செம்பர்வைவத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம். எச்செவேரியா, ஏயோனியத்துக்கு மட்டும் போர்வை வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நாமும் செய்யலாம், இல்லாவிட்டால் காய்ந்த புல். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், இலையில் ஒட்டிக்கொண்ட இடமெல்லாம் கருகும். வெயில் ஏறியதும் மூடியை எடுத்துவிடுங்கள். பனிக்காலம் முழுவதும் மண் உலர்ந்தே இருக்கட்டும்.

பூச்சியும் பிறவும்

இலைக்கக்கத்தில் பஞ்சுபோல் தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த சிறு தூரிகையால் பூச்சியை மட்டும் தொடுங்கள். வேப்பெண்ணெயைப் பொடி பூத்த இலைமேல் தெளிக்காதீர்கள், பொடியும் போகும், வெயிலில் இலையும் கருகும். நல்ல செடி காரணமின்றி வாடினால் வேரைக் கிளப்பிப் பாருங்கள், அங்கும் வெள்ளையாகப் பூச்சி இருக்கலாம். அப்படியானால் மண்ணையெல்லாம் கழுவி, வேரைக் கத்தரித்து, காயவைத்துப் புதுக்கலவையில் நடுங்கள். மழைக்கால நத்தைகளை இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதே சிறந்த வழி. காட்டெருமை வந்துபோகும் ஊர்களில் பாத்தி மிதிபடும், சுவரில் இருப்பவை தப்பிக்கும்.

பெருக்குதல்

செம்பர்வைவத்தின் இலையை நட்டுப் பயனில்லை, குட்டிதான். இணைக்கும் நூல்தண்டு காயத் தொடங்கியதும் வெட்டி, நட்டுவிடலாம். எச்செவேரியா இலையிலிருந்தும் வரும். ஆனால் இலை அடிவரை முழுசாக, ஒரு பக்கத்துக்கு மெல்லத் திருகி எடுத்ததாக இருக்க வேண்டும். பாதியில் ஒடிந்தால் முளைக்காது. நான்கைந்து நாள் நிழலில் காயவைத்து, உலர்ந்த கலவைமேல் படுக்கவைத்துவிடுங்கள், புதைக்காதீர்கள். இரண்டு, மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு நூலாக வேர் எட்டிப் பார்க்கும். அப்போதுதான் முதல் நீர்த்தெளிப்பு. நீண்டு வளர்ந்துவிட்ட எச்செவேரியாவின் தலையை இரண்டு விரல் தண்டோடு வெட்டி நட்டால் தலையும் பிழைக்கும், அடித்தண்டும் குட்டி போடும்.

மிஞ்சிய குட்டிகளை அக்கம்பக்கத்தில் கொடுங்கள். வேலிக்கு அப்பால், சோலைக்கும் புல்வெளிக்கும் அருகே எறியாதீர்கள். அழகுக்கென்று கொண்டுவந்த உண்ணிச்செடியும், மரத்துக்கென்று நட்ட சீகையும் இந்த மலையில் எவ்வளவு இடத்தை விழுங்கிவிட்டன என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். துண்டு விழுந்த இடத்தில் வேர்விடும் இந்தச் செடிகளிடம் நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

கடைசியாக, பலரைப் பதறவைக்கும் ஒன்று. சில ஆண்டுகள் வளர்ந்த செம்பர்வைவம் ஒன்றின் நடுக்குருத்து திடீரென உயர்ந்து, தூண்போல நீண்டு, நட்சத்திரப் பூக்களாக விரியும். பூத்த அந்த அடுக்கு பிறகு காய்ந்துபோகும். அது நோயல்ல. வாழைபோல, குலை தள்ளிய தாய் போய்க் கன்று நிற்கும். காம்பைப் பாதியில் வெட்டினாலும் அது பிழைக்காது, ஆகவே பூவை முழுதாகப் பார்த்து மகிழுங்கள். காய்ந்ததும் தாயைத் திருகி எடுத்து, அந்தப் பொந்தில் ஒரு பிடி ஓட்டுத்துகள் கலவை வைத்து, அருகில் இருக்கும் குட்டியை அதில் இருத்துங்கள். ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்க வேண்டுமானால் ஆவணி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.